தட்டில் கற்காலம், வானில் இருட்டு

"கற்கால மனிதன் மாத்திரையா போட்டுக்கொண்டான்?"

பேலியோ உணவுமுறையில் இருப்பவரிடம் வைட்டமின் டி பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் திரும்பி வரும். தானியம் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், டப்பாவில் அடைத்த எதுவும் வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை, காய், கனி, கொட்டை போதும் என்று வாழ்க்கையை மாற்றிக்கொண்டவருக்குத் தொழிற்சாலையில் செய்த ஒரு வில்லையைத் தினமும் விழுங்குவது உறுத்தத்தான் செய்யும். சென்னையிலோ மதுரையிலோ கேட்டால் இந்தக் கேள்வியோடு கொஞ்ச தூரம் சேர்ந்து நடக்கலாம். நார்வேயின் ட்ரொம்சோ நகரத்தில், டிசம்பர் மாதத்தில் கேட்டால் முடியாது.

ட்ரொம்சோ வட துருவ வட்டத்துக்கும் வடக்கே, ஏறக்குறைய 70 பாகையில் இருக்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் அடிவானத்துக்குக் கீழே இறங்கும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலை காட்டும். சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ ஜனவரி 21 வாக்கில் ஆகிவிடும். அன்றைக்கு ஊரே வெயிலைப் பார்க்க வெளியே வரும். பேக்கரிகளில் 'சூரிய பன்' விற்கும். அதுவரை நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீலம் பாய்ந்த மங்கல் வெளிச்சம், மற்ற நேரமெல்லாம் தெருவிளக்கு.

வெயில் திரும்பிவிட்டது என்பதற்காக வைட்டமினும் திரும்பிவிடாது. இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள்.

நம் தோலில் கொலஸ்ட்ராலின் உறவுக்காரப் பொருள் ஒன்று இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட புற ஊதா பி கதிர் அதன்மேல் பட்டால் அது உருமாறி வைட்டமின் டி ஆகிறது. பிறகு கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் பக்குவப்பட்ட பிறகே உடலுக்கு வேலை செய்கிறது: குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது. சிக்கல் என்னவென்றால், புற ஊதா பி கதிரை ஓசோன் படலம் விழுங்கிவிடும். சூரியன் தலைக்கு மேலே இருந்தால் கதிர் குறுக்கு வழியில் இறங்கிவிடுகிறது. சாய்ந்து இருந்தால் அதே படலத்தை நெடுந்தூரம் கடக்க வேண்டும். கடைசியில் தரைக்கு வந்து சேர்வது வெளிச்சம் மட்டும்தான்.

டிசம்பர் 21 அன்று நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் ஆஸ்லோவில் 7 பாகைகூட இல்லை. ட்ரொம்சோவில் எழுவதே இல்லை. 1988இல் மைக்கேல் ஹாலிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 42 பாகையில் உள்ள பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையும், 53 பாகைக்கும் மேலே உள்ள கனடாவின் எட்மண்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரையும், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தோல் வைட்டமின் டி தயாரிக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்டு முழுக்கத் தயாரித்தது. பாஸ்டனுக்கே நான்கு மாதம் என்றால் ட்ரொம்சோவின் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம்.

கோடையில் உடல் சேர்த்துவைத்தது உதவாதா என்றால், உதவும். ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டி இரண்டு மூன்று வாரங்களில் பாதியாகிவிடும் தன்மை கொண்டது. கொழுப்பில் சேர்ந்திருப்பது கசிந்து வந்து ஈடுகட்டும். குதிரில் இருக்கும் நெல்போல, அள்ள அள்ளக் குறைந்து, குளிர்காலத்தின் கடைசியில்தான் அடித்தளம் தெரியும். வடக்கு நாடுகளில் ரத்தப் பரிசோதனையில் மிகக் குறைந்த அளவு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவது இதனால்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருட்டுக் காலத்து மனச்சோர்வுக்காக மேஜையில் வைத்துக்கொள்ளும் பிரகாசமான வெள்ளை விளக்கு வைட்டமின் டி தராது. அந்த விளக்குகளில் புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காயும் வெயிலுக்கும் அதே கதைதான்; கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது.

பால் போனது, கூடவே இன்னொன்றும் போனது

பேலியோ என்ற யோசனைக்கு வயது அதிகமில்லை. வால்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வயிற்று மருத்துவர் 1975இல் கற்கால உணவு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை அறிவுலகம் கவனித்தது 1985இல், பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை எழுதிய பிறகு. 2002இல் லோரன் கார்டெய்னின் புத்தகம் வந்ததும் பேலியோ வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது. வேளாண்மைக்கு முன்பு மனிதன் எதைத் தின்றானோ அதற்கே நம் உடல் பழகியிருக்கிறது என்பதுதான் இவர்கள் எல்லோருடைய அடிப்படை வாதமும்.

இந்த வரிசையில் நான் மிகவும் மதிக்கும் பெயர் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டாஃபான் லிண்டபெரி. அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவுக்கே போய் அந்த மக்களோடு இருந்து ஆய்வு செய்தார். கிழங்கு, பழம், மீன், தேங்காய் தின்று வாழும் அந்த மக்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் காணக் கிடைக்காத அளவு அரிது என்பது அவர் கண்டது. அந்த முடிவுகள்தான் ஐரோப்பாவில் பேலியோவுக்கு ஒரு கௌரவத்தைத் தந்தன.

கிட்டாவா எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து தெற்கே 9 பாகைக்குள். அங்கே ஆண்டின் எல்லா நாளும் உச்சி வெயில். மேல்சட்டை இல்லாத உடம்பு. நாள் முழுக்கத் தோட்டத்திலும் கடலிலும் வேலை. அந்தத் தீவின் தட்டை அப்படியே ஸ்வீடனுக்குக் கொண்டுபோய்விடலாம். வெயிலைக் கொண்டுபோக முடியாது. டான்சானியாவில் பழைய முறையில் வாழும் மசாய், ஹட்ஸா மக்களின் ரத்தத்தைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில் அவர்களுடைய வைட்டமின் டி சராசரி லிட்டருக்கு 115 நானோமோல். 50 இருந்தால் போதும் என்பது இன்றைய மருத்துவ வரம்பு. ஹட்ஸா மக்கள் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்பவர்கள். அவர்களுக்கு அந்த 115ஐத் தந்தது அவர்கள் தின்ற மானும் தேனும் இல்லை, வானம்.

கற்கால மனிதனுக்கு வைட்டமின் டி பெரும்பாலும் வாய் வழியாக வரவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேலியோ எதை நீக்குகிறது என்று பார்த்தால் ஆபத்து புரியும். சூரியன் போதாத நாடுகள் சில தங்கள் மக்களுக்கு வைட்டமின் டியை ரகசியமில்லாமல், அன்றாட உணவில் கலந்து கொடுக்கின்றன. எதில் கலக்கின்றன? பாலிலும் மார்ஜரினிலும்.

பின்லாந்து இதை மிகச் சிறப்பாகச் செய்த நாடு. 2003 முதல் பாலிலும் ரொட்டியில் தடவும் கொழுப்பிலும் வைட்டமின் டி சேர்க்க ஆரம்பித்தார்கள். 2010இல் அளவை இரட்டிப்பாக்கினார்கள். 2000இல் லிட்டருக்கு 48 நானோமோலாக இருந்த பெரியவர்களின் சராசரி, 2011இல் 65 ஆனது. யாரையும் மாத்திரை போடச் சொல்லி வற்புறுத்தாமல், பால் குடிக்கும் பழக்கத்தை வைத்தே ஒரு நாட்டின் ரத்தத்தை மாற்றிய பொது சுகாதாரப் பணி அது. ஸ்வீடனும் 2018இல் தன் விதிகளை விரிவாக்கியது.

பேலியோவுக்கு மாறுகிறவர் முதல் நாளே பாலை நிறுத்துகிறார். மார்ஜரினைத் தொடுவதில்லை. சர்க்கரையை வெளியே தள்ளிய அதே கையால், தெரியாமலேயே, அரசு கொடுத்துக்கொண்டிருந்த வைட்டமினையும் தள்ளிவிடுகிறார். இப்படி ஆகும் என்பது வெறும் அனுமானம் இல்லை. ஸ்வீடனின் உமேயோ நகரத்தில், உடல் பருமன் கொண்ட, மாதவிடாய் நின்ற 70 பெண்களை வைத்து இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், பேலியோ குழுவினருக்கு அயோடின் பற்றாக்குறை வந்தது. காரணம் எளிது: அயோடின் சேர்த்த உப்பும் பாலும் அவர்கள் தட்டிலிருந்து போய்விட்டன. வைட்டமின் டியும் நிற்பது அதே பாலில்தான். போதாக்குறைக்கு, பால் போனால் கால்சியமும் குறைகிறது. கால்சியம் குறைவாகக் கிடைக்கும்போது அதை உறிஞ்சித் தரும் வைட்டமினும் இல்லையென்றால், உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

தமிழில் பரவியிருக்கும் பேலியோ இதிலிருந்து சற்று வேறு. நெய், வெண்ணெய், பனீர், தயிர் எல்லாம் அதில் உண்டு. உச்சி வெயிலில் நிற்கச் சொல்லும் நல்ல பழக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த அறிவுரை பலன் தரும். அதே அட்டவணையை லண்டனிலோ டொரான்டோவிலோ ஆஸ்லோவிலோ நவம்பரில் பின்பற்றுகிறவருக்குப் பாதாமும் நெய்யும் பனீரும் பெயரளவுக்கு மேல் வைட்டமின் டி தராது. மதியம் பன்னிரண்டு மணிக்கு முகத்தை வெயிலில் காட்டி நின்றால் குளிர்தான் ஏறும்.

டைரீ தீவின் பெண்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் டைரீ என்றொரு சின்னத் தீவு. 1912இல் அங்கே பாலெவுல்லின் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தார்கள். அது கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நெடுங்காலம் கழித்துத்தான், 2015இல், தொல்லியலாளர்கள் மறுபடி ஆராய்ந்து வயதைக் கணித்துச் சொன்னார்கள்: ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய, புதிய கற்காலத்துப் பெண். இறந்தபோது 25 முதல் 30 வயது இருக்கலாம். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. விலா எலும்பும் கை கால் எலும்புகளும் வளைந்திருந்தன. ரிக்கெட்ஸ், அதாவது வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பு வளையும் நோய். பிரிட்டனில் இதுவரை கிடைத்த ரிக்கெட்ஸ் சான்றுகளில் மிகப் பழையது.

தொழிற்புரட்சிக் காலத்துப் புகைமூட்ட நகரங்களின் நோய் என்றுதான் ரிக்கெட்ஸ் பற்றிப் படித்திருக்கிறோம். இந்தப் பெண் புகையே இல்லாத ஒரு தீவில், ஸ்காட்லாந்திலேயே வெயில் அதிகம் விழும் இடங்களில் ஒன்றில் வாழ்ந்தவள். வெயில் ஏன் அவள்மேல் படவில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் பல சாத்தியங்களைச் சொல்கிறார்கள். நோயாளியாக இருந்திருக்கலாம், ஏதோ ஒரு சடங்கு வாழ்க்கையில் இருந்திருக்கலாம், உடல் மூடிய உடை உடுத்தியிருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவள் எலும்பின் வேதியியல் சொன்ன இன்னொரு செய்தி. கடல் சூழ்ந்த தீவில் பிறந்து வளர்ந்தும் அவள் மீன் தின்றதற்கான தடயம் இல்லை. பிரிட்டனுக்கு வேளாண்மை வந்து சேர்ந்த காலத்தில் கரையோர மக்கள்கூடக் கடல் உணவைக் கைவிட்டுத் தானியத்துக்கும் கால்நடைக்கும் மாறியதை எலும்புகள் காட்டுகின்றன. அப்படி மாறிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவள் அவள்.

அவளுக்கு வெகுகாலம் முன்பு, ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த 'செடார் மனிதன்' வேட்டையாடி. 2018இல் அவன் மரபணுவைப் படித்தவர்கள் அவன் தோல் கருமையாக இருந்திருக்கும் என்றார்கள். வடக்கு ஐரோப்பாவின் மங்கலான வெயிலில் கரிய தோலோடு எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? மீனும் கடல் விலங்குகளின் கொழுப்பும் அவர்களுக்கு வைட்டமின் டியைத் தந்திருக்கும். தானியத்துக்கு மாறிய பிறகுதான் தோல் வெளுக்க வேண்டிய கட்டாயம் வந்தது என்பது அறிஞர்கள் பலர் முன்வைக்கும் விளக்கம். முடிந்த முடிவு இல்லை, ஆனால் வலுவான விளக்கம். பேலியோ அன்பர்களுக்கு இது உற்சாகம் தரவேண்டும். அவர்கள் வாதத்தின் சாரத்தை இது உறுதிப்படுத்துகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: வடக்கில் வேட்டையாடி வாழ்ந்தவன் பிழைத்தது எந்த இறைச்சியாலோ அல்ல, கடலின் கொழுப்பால்.

மாட்டிறைச்சியும் கோழியும் கீரையும் கொட்டையும் மட்டும் நிறைந்த பேலியோ தட்டில் வைட்டமின் டி அநேகமாக இல்லை. ஒரு முட்டையில் ஒன்றிரண்டு மைக்ரோகிராம், அதுவும் மஞ்சள் கருவில். மாட்டு ஈரல் 100 கிராமில் சுமார் ஒரு மைக்ரோகிராம்தான். வளர்ப்பு சால்மனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 5 முதல் 10. ஹெர்ரிங்கும் நம் அயிலையின் சொந்தமான அட்லாண்டிக் மேக்கரலும் நல்ல மூலங்கள். தினத் தேவை 10 மைக்ரோகிராம் என்று நார்டிக் நாடுகளின் பரிந்துரை சொல்கிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் கொழுப்பு மிகுந்த மீன் தின்கிறவர் பாதிக்கு மேல் கடந்துவிடுவார். மீன் தின்னாத பேலியோக்காரருக்குத் தட்டில் வழியே இல்லை.

ஈரலும் சினையும்

வடக்கு நார்வேக்காரர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரியவேண்டிய விஷயமாக இருந்ததில்லை. ஜனவரி பிறந்தால் பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிடுவதற்காக லோஃபோட்டன் தீவுகளை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வரும். 'ஸ்க்ரை' என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. ஆண்டின் மிக இருண்ட வாரங்கள் முடியும் தறுவாயில், உடலில் வைட்டமின் டி வற்றிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், ஈரல் கொழுத்த மீன் தானாகக் கரைக்கு வருகிறது.

அதை வைத்து அவர்கள் செய்யும் உணவுக்கு 'மோல்யே' என்று பெயர். சமைக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மீனைக் குறுக்காக இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போடுகிறார்கள். சினையை அதன் பையோடு, பிய்ந்துவிடாமல் எண்ணெய்த் தாளில் சுற்றி, கொதிக்கவிடாமல் உப்புத் தண்ணீரில் மெதுவாக வேகவைக்கிறார்கள். ஈரல்தான் கவனம் கேட்கும் வேலை. மேலிருக்கும் மெல்லிய தோலை உரித்து, நறுக்கி, கொஞ்சமே தண்ணீர் விட்டு, வெங்காயமும் மிளகும் பிரிஞ்சி இலையும் போட்டுச் சிறு தீயில் வைத்தால், சற்று நேரத்தில் ஈரல் தன் எண்ணெயைத் தானே விட்டுவிடும். பொன்னிறத்தில் மேலே மிதக்கும். கடைசியில் மீன் துண்டுகளை, தீயை அணைத்த உப்பு வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். தட்டில் வெள்ளை மீன், பக்கத்தில் வட்டமாக அரிந்த சினை, எல்லாவற்றின் மீதும் அந்த ஈரலும் எண்ணெயும் கரண்டி கரண்டியாக. தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கு. கார்டெய்ன் வழியில் போகும் கண்டிப்பானவர்கள் கிழங்கை ஒதுக்கிவிடுவார்கள். மற்றபடி இதைவிடத் தூய பேலியோ சாப்பாடு கிடைப்பது கடினம்.

வடக்கு நார்வேயின் மக்களை வைத்து ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுகள் மீன் ஈரலும் ஈரல் எண்ணெயும் சேர்த்துக்கொள்கிறவர்களின் ரத்தத்தில் சூரியனில்லாத காலத்திலும் வைட்டமின் டி தாழ்ந்துபோவதில்லை என்று காட்டியிருக்கின்றன. அந்த இருட்டில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ முடிந்ததற்கு இந்தப் பாத்திரம் ஒரு காரணம்.

தினமும் மோல்யே சமைக்க முடியாது. அதனால்தான் 'த்ரான்' இருக்கிறது. காட் மீனின் ஈரல் எண்ணெய். நம் ஊர் மருந்துக் கடைகளில் மஞ்சள் முத்துபோல் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரைக்குள் இருப்பதும் இதன் வகைதான். முன்பு ஈரலைப் பீப்பாயில் போட்டு அழுகவிட்டு, மிதக்கும் பழுப்பு எண்ணெயை வடித்தார்கள். விளக்குக்கும் தோல் பதனிடவும் போனது போக மிச்சம் மருந்துக்கு. 1854இல் பேட்டர் மோலர் என்ற மருந்தாளர் புத்தம்புதிய ஈரலை நீராவியில் உருக்கித் தெளிந்த எண்ணெய் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே அப்போது உலகுக்குத் தெரியாது. 1919இல் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவைத்து, ஈரல் எண்ணெயால் தடுத்துக் காட்டினார். 1922இல் எல்மர் மெக்காலம் அந்தப் பொருளைத் தனியே இனங்கண்டார். 1930களில் ஆஸ்லோ பள்ளிகளில் கொடுக்கப்பட்ட புகழ்பெற்ற காலை உணவில் ரொட்டி, பால், பழத்தோடு ஒரு கரண்டி த்ரானும் உண்டு. இன்றும் பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, தினம் ஒரு சிறு கரண்டி என்பது அந்நாட்டு வீடுகளின் கணக்கு. ஐந்து மில்லிலிட்டரில் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி. ஒரு நாளுக்கு அது சரியாகப் போதும்.

கரண்டி பெரிதாகக்கூடாது. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏவும் இருக்கிறது. அது உடலில் அளவுக்கு மேல் சேர்ந்தால் நஞ்சு. பேலியோவில் வாரம் ஒருமுறையாவது ஈரல் தின்னச் சொல்வார்கள். ஈரலும் தின்று, டிக்காகத் த்ரானையும் இரண்டு மூன்று கரண்டி குடித்தால் ஏ அளவு மீறும். 1913இல் அண்டார்க்டிகாவில் டக்ளஸ் மாசனோடு பயணம் போன சேவியர் மெர்ட்ஸ் இறந்தது, பசிக்குத் தின்ற பனிநாய்களின் ஈரலிலிருந்த வைட்டமின் ஏவால் என்று பின்னாளில் மருத்துவர்கள் கருதினார்கள். கர்ப்பிணிகள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைக்கு வைட்டமின் ஏ மிகுதி கேடு. அவர்களுக்கு ஏ இல்லாத டி மாத்திரையே மேல்.

மாத்திரை தொழிற்சாலைப் பண்டம்தானே என்ற உறுத்தலுக்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மாத்திரையில் இருக்கும் வைட்டமின் டி3 பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆட்டு ரோமத்திலிருந்து. ரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் கொழுப்பிலிருந்து அந்தக் கொலஸ்ட்ரால் பொருளை எடுத்து, அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். கோடை வெயிலில் நம் தோலில் நடக்கும் அதே மாற்றம். கடைசியில் கிடைப்பதும் அதே மூலக்கூறு.

எவ்வளவு, யாருக்கு?

வடக்கே குடியேறிய நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. 1980களின் பிற்பகுதியிலிருந்து போரிலிருந்து தப்பி நார்வே போன ஈழத் தமிழர்களில் பலர் முதலில் வேலை பார்த்தது வடகோடியில், ஃபின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளில். பிறகு பலர் ஆஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஆஸ்லோவில் வாழும் ஐந்து புலம்பெயர் சமூகத்தாரை வைத்து நடந்த ஆய்வு 2005இல் வெளியானது; இலங்கையில் பிறந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஐந்து குழுக்களையும் சேர்த்த நடு அளவு லிட்டருக்கு 28 நானோமோல். போதும் என்று சொல்லும் வரம்பில் ஏறக்குறைய பாதி. கரிய தோலிலிருக்கும் மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுத்துக் காக்கும். யாழ்ப்பாணத்தில் வரமாக இருப்பது ஆஸ்லோவில் கூடுதல் நேரம் கேட்கும். அங்கே அந்த நேரம் கோடையிலேயே கொஞ்சம்தான்.

இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை 2016இல் சொன்ன அறிவுரை எளிமையானது: அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதை யோசியுங்கள், கரிய தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுக்க. நம் ஊர் மருந்துச் சீட்டு மொழியில் 10 மைக்ரோகிராம் என்பது 400 யூனிட். 75 வயதைக் கடந்தவர்களுக்கு நார்டிக் பரிந்துரை 20 மைக்ரோகிராம். பாலும் மீனும் இல்லாத பேலியோவில், கரிய தோலோடு, 60 பாகைக்கு வடக்கே இருக்கும் ஒருவர் தினம் 20 எடுத்துக்கொள்வதை நான் தாராளம் என்று சொல்லமாட்டேன். கொழுப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் உறிஞ்சும். பேலியோ தட்டில் அதற்குக் குறைவில்லை.

அதற்கு மேல் போனால்? இங்கேதான் ஆர்வலர்களோடு நான் வேறுபடுகிறேன். புற்றுநோயும் மாரடைப்பும் வராது, சளி பிடிக்காது என்று தினம் 10,000 யூனிட் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்து நடந்த வைட்டல் ஆய்வில் புற்றுநோயோ இதய நோயோ வருவது குறையவில்லை. 2022இல் வந்த முடிவில் எலும்பு முறிவும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே போதிய அளவு இருந்தது. பற்றாக்குறை உள்ளவருக்கு இந்த வைட்டமின் அத்தியாவசியம். நிறைந்தவருக்கு மேலும் ஊற்றிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவு: அந்தப் பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், எலும்பும் அதிகமாக முறிந்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பு எல்லை நாளுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 4,000 யூனிட். அதைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், தீராத தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும்.

தமிழ்நாட்டு மருத்துவர்கள் எழுதும் 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்ற கணக்கில், பற்றாக்குறையைச் சரிசெய்யத் தரப்படுவது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியில் பத்துப் பட்டை எடுத்துப்போய்த் தினமும் போடுவதற்கானது இல்லை. பரிசோதனை முடிவைப் படிக்கும்போதும் கவனம் தேவை. இந்திய ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராமில் எழுதும்; ஐரோப்பாவில் லிட்டருக்கு நானோமோல். இங்கே 20 என்றால் அங்கே 50. சென்னையில் 30 என்று வந்ததை ஆஸ்லோவின் 30ஓடு ஒப்பிட்டால் ஒருவர் வீணாகப் பயப்படுவார், அல்லது அதைவிட மோசமாக, பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருப்பார். சிறுநீரக நோய் உள்ளவர்களும் ரத்தத்தில் கால்சியம் கூடுதலாக உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

பெரியவர்கள் தங்கள் உடலில் சோதனை செய்துகொள்ளலாம். குழந்தை விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தாய்ப்பாலில் அநேகமாக எல்லாம் இருக்கிறது, ஆனால் வைட்டமின் டி மிகக் குறைவு. வெப்பநாட்டுக் குழந்தை அதை வெயிலில் பெற்றது. வடக்கே அக்டோபரில் பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் அந்த வாய்ப்பே கிடையாது. வளைந்த கால்களாக அது வெளியே தெரிவதற்குள் எலும்பு வெகுவாக மென்மையாகியிருக்கும். நார்வேயில் பிறந்த முதல் வாரங்களிலிருந்தே தினம் 10 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆசிய, ஆப்பிரிக்கக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு நலவாழ்வு நிலையங்களில் சொட்டு மருந்தை இலவசமாகவே தருகிறார்கள். கற்காலத் தாய் சொட்டு கொடுக்கவில்லை என்று அதை அலமாரியில் வைத்துவிடும் பெற்றோர் ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும்: அந்தத் தாய் குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தவள். சொட்டு கொடுக்கும்போது ஒரு கவனம் போதும். சில புட்டிகளில் ஐந்து சொட்டுக்கு 10 மைக்ரோகிராம், சிலவற்றில் ஒரே சொட்டுக்கு அதே அளவு. ஊரிலிருந்து வந்த புட்டி தீர்ந்து அங்கே புதிது வாங்கும்போது லேபிளைப் படித்துவிட்டு, பழைய எண்ணிக்கையை மறந்துவிட்டு, புதிதாக எண்ண வேண்டும்.